சில்லறை மறையும் காலத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நான் பள்ளியில் படித்த நாட்களில் நாணயம் சேர்க்கத் தனியாகச் செலவு கிடையாது. மளிகைக் கடைக்குப் போய்வந்தால் மீதிச் சில்லறையில் புதிதாக ஏதாவது ஒன்று சிக்கும். இன்று கீரை விற்கும் தள்ளுவண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. நாலணாவும் (25 பைசா) அதற்குக் கீழே இருந்தவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. எட்டணா (50 பைசா) சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் கடையில் நீட்டினால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். காசு தானாகக் கைக்கு வந்த காலம் முடிந்துவிட்டது, இனி அதைத் தேடி நாம்தான் போக வேண்டும். இந்தப் பழக்கமே அழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முன்பு தவறு செய்தால் நாலணா போகும். இப்போது ஆயிரக்கணக்கில் போகிறது.

முதல் தவறு நானே செய்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய் இருந்தது, கறுத்துப்போய். வெள்ளிப் பாத்திரத்தை விபூதி போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் அப்படியே தேய்த்தேன். பளபளவென்று ஆனது, நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்தக் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி என்று அப்போது தெரியாது. 1862 என்று பொறித்த ரூபாயை அதே ஆண்டைப் போட்டு 1874 வரை அடித்தார்கள். அந்த ஆண்டு எண்ணுக்கு மேலும் கீழும் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் எது எந்தக் காலத்தது என்று சேகரிப்பவர்கள் கணிக்கிறார்கள். என் நாணயத்தில் இப்போது எண்ணுவதற்குப் புள்ளி இல்லை. புளி, எலுமிச்சை, பீதாம்பரிப் பொடி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள், போதும். நாணயத்தைப் பிடிக்கும்போதும் விளிம்பைப் பிடியுங்கள். விரல் ரேகை நாளடைவில் உலோகத்தில் பதிந்துவிடும்.

சரி, தேய்க்கவில்லை. ஆனால் மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் போட்டு வைத்தால்? இரண்டு மூன்று வருடத்தில் செம்புக் காசில் பிசுபிசுவென்று பச்சை படியும். சென்னைப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். பிவிசி கலக்காத ஹோல்டர் வாங்குங்கள், பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள்.

அடுத்தது, பழையது என்றாலே விலை என்று நம்புவது. ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செப்புக் காசுக்கு வயது ஆயிரம். ஏராளமாக அடிக்கப்பட்டு ஏராளமாகக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது அடித்த ஓட்டைக் காலணாவும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு இருக்கும். மாறாக, பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய்க்கு நூறு வயது கூட ஆகவில்லை, ஆனால் அது அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். அதனாலேயே போலியும் அதிகம். யாராவது மலிவாக நீட்டினால் கடைசி இலக்கத்தைத் திருத்தியிருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், எடையும் போடுங்கள். ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும்.

தாமரை போட்ட பித்தளை நிற இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒரு குந்துமணி கூடக் கிடையாது. இன்று அதே மாதிரிக் கதை போனில் வருகிறது: வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் உங்களிடம் இருக்கிறதா, லட்சக்கணக்கில் பணம். அது 2012-இல் புழக்கத்துக்கு வந்த நாணயம், நாணயக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஆசை காட்டுபவர் அடுத்து கேட்பது நாணயத்தை அல்ல. பதிவுக் கட்டணம், வரி, கூரியர் செலவு. ரிசர்வ் வங்கி பெயரிலேயே கேட்பவர்களும் உண்டு. பழைய நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்காகக் கமிஷன் எதுவும் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. விற்கப் போகிறவனிடம் வாங்குகிறவன் முன்பணம் கேட்பது எந்த ஊர்ச் சந்தையில் நடக்கும்?

இதற்கு அண்ணன் ஒன்று இருக்கிறது: ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா'. திருவிழாக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு அணா நாணயம் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்ததே 1907-இல். கம்பெனி ஆட்சி முடிந்து அரை நூற்றாண்டு கழித்து! அழகுக்கு வாங்கினால் தப்பில்லை, சரித்திரம் என்று வாங்காதீர்கள்.

நினைவு நாணயங்களை முதலீடாக நினைப்பதும் இந்த வகைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 1000 ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள். இது போன்றவை கடைக்குப் போவதற்காக அடிக்கப்பட்டவை அல்ல. அரசு நாணயச்சாலையே முகமதிப்பைவிட, அதாவது நாணயத்தில் பொறித்த மதிப்பைவிட, கூட்டித்தான் விற்கிறது. கோயில் மீது பிரியம் என்றால் வாங்குங்கள். மகளின் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சட்டத்தை மறப்பது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. நூறு வயதான நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இது நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு. ஐந்தாம் ஜார்ஜ் நாணயங்கள் வருடத்துக்கு ஒரு வரிசையாக இப்போது அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குத் தாத்தா பாசத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பும் ரூபாயும் இதில் அடங்கும். அப்புறம், வீடு கட்டக் குழி தோண்டும்போது புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் சட்டம்.

இளைஞர்கள் செய்யும் தவறு வேறு. பழைய காசு வாங்க முடியவில்லை என்று ஏங்குகிறார்கள், சட்டைப் பையில் இருப்பதைப் பார்ப்பதில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் வாங்க மறுத்த காலத்தில், 2018 ஜனவரியில், பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வதந்தியைப் புலம்பியவர்கள் நடுவே, பதினான்கையும் முகமதிப்பிலேயே சேர்த்துவிட்டவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டு பக்க இருபது ரூபாயை இப்போதே பாருங்கள். ஆண்டுக்குக் கீழே என்ன குறி இருக்கிறது? எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று அது சொல்லும்: சாய்சதுரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே வடிவம், நாலு ஊர். சில்லறை அருகிவரும் காலத்தில் இவற்றில் எது அரிதாகும் என்று எனக்கும் தெரியாது, அதனால்தான் தேடச் சுவையாக இருக்கிறது.

கடைசியாக, எழுதி வைக்காமல் விடுவது. கரூர் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. எந்த இடத்தில் எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் கைமாறிய காசு, ஆய்வாளருக்குப் பாதிச் செய்திதான் சொல்லும். வீட்டுச் சேகரிப்புக்கும் இது பொருந்தும். குறிப்பு இல்லாத டப்பாவைப் பிள்ளைகள் நகைக்கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வையுங்கள்: எப்போது, எங்கே, யாரிடமிருந்து, என்ன விலைக்கு. பாட்டியின் விக்டோரியாவுக்கும் எழுதியிருக்கிறேன்: '1862. பாட்டியின் டிரங்குப் பெட்டி. விபூதி போட்டுத் தேய்த்தது நான்.'