ஹேவ்லாக் பவளத்திட்டில் முதல் ஸ்கூபா முழுக்கு: புதியவர்களுக்கான செய்முறை

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018-இல் சுவராஜ் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய நீமோ ரீஃப் என்னும் பவளத்திட்டில்தான் பலருடைய முதல் ஸ்கூபா முழுக்கு, அதாவது காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் செல்வது, நிகழ்கிறது. அறிமுக முழுக்குக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பயிற்றுநர் உடன் வர, 12 மீட்டர் ஆழத்துக்குள்தான் செல்வீர்கள்.

முதலில், முழுக்கு நடத்துபவர்கள் தரும் உடல்நலப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை போன்றவற்றை மறைக்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் முழுக்கைத் தள்ளிப் போடுங்கள். ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், ஒரே முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கருவிகள். முகமூடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுங்கள். கையை எடுத்த பின்னும் அது விழாமல் ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருந்துகிறது. முதுகில் மாட்டும் உருளையைப் பலரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். உள்ளே இருப்பதோ நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றை அழுத்தி அடைத்தது.

பிறகு இடுப்பளவு நீரில் பயிற்சி. வாயால் மட்டும் மெதுவாக, ஆழமாக மூச்சு விடுங்கள். முகமூடிக்குள் நீர் புகுந்தால் அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, அண்ணாந்து, மூக்கால் ஊதுங்கள். நீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். இது அச்சமின்றிக் கைவரும்வரை ஆழத்துக்குப் போக ஒப்புக்கொள்ளாதீர்கள். சைகைகளில் ஒன்று புதியவர்களைக் குழப்பும்: கட்டைவிரலை உயர்த்தினால் ‘நலம்’ என்று பொருளல்ல, ‘மேலே போகலாம்’ என்று பொருள். நலம் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

இறங்கும்போது காதுகளே முதன்மை. கடல்மட்டத்தில் உள்ளதைப்போல இரு மடங்கு அழுத்தம் வெறும் 10 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. ஆகவே மிகப் பெரிய மாற்றம் தொடக்கநிலையாளர் இறங்கும் அந்த முதல் பகுதியில்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே மென்மையாக ஊத முயன்று காதின் அழுத்தத்தைச் சமன்செய்யுங்கள். வலி வந்தபின் அல்ல, வருமுன்பே, சில அடிகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வலித்தால் சைகை காட்டி, சற்று மேலேறி, மீண்டும் முயலுங்கள். பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியக்கூடும்.

திட்டை அடைந்ததும் கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாறைபோல் தெரிவது பாலிப் என்னும் நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. காலில் மாட்டும் துடுப்பின் ஓர் உதை பல ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும். 2010-இல் கடல்நீர் சூடேறியதால் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறி, பல மடிந்தன. எனவே எஞ்சி வளர்பவற்றின்மீது நாம் காலை ஊன்றுவதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை. உடைந்த துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை. கடல்சாமந்தி என்னும் பூப்போன்ற கடலுயிரின் கொட்டும் இழைகளுக்கிடையே ஒளியும் கோமாளி மீனைக் காண ஆசையிருந்தால், ஓரிடத்தில் அசையாமல் மிதந்து காத்திருங்கள். அதுவே வெளியே வரும்.

மேலேறும்போது ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரிய முயலும். அடைத்து வைத்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். பயிற்றுநரை முந்தாமல், நீங்கள் விடும் சிறு குமிழிகளைவிட மெதுவாக ஏறுங்கள். தலை வெளியே வந்ததும் உருளையின் காற்றை வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டரைக் கழற்றிவிடாமல், மிதவை அங்கியில் காற்று நிரப்பி, கால் மணலில் ஊன்றும்வரை அதன் வழியாகவே மூச்சு விடுங்கள்.