காருக்குள் தண்ணீர் வருகிறதா? சிலிக்கான் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மழைக்கு மறுநாள் கார் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம். கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வருகிறது. பலரும் உடனே ஓடுவது சிலிக்கான் ட்யூப் வாங்கத்தான். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் தேங்குவது ஓரிடம், நுழைவது வேறிடம். எங்கள் காரில் இடது முன்பக்கம் நனைந்தபோது, ஒரு பட்டறையில் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசித் தந்தார்கள். அடுத்த மழைக்கே மறுபடி ஈரம். காரணம், வைப்பருக்குக் கீழே அடைத்துக் கிடந்த ஒரு பிடி வேப்பஞ்சருகு!

1. முதலில், இது எந்தத் தண்ணீர்?

ஈரத்தில் வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பச்சை, சிவப்பு என்று நிறம் தெரிந்து, பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டர் பக்கம் கசிகிறது. கூலன்ட் நச்சு; குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். தெளிந்த நீர், மழையே இல்லாத நாளிலும் வருகிறது என்றால் ஏசி. மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு மட்டும் வந்தால் வெளியிலிருந்து நுழைகிறது.

2. ஏசி டிரெய்ன் ஹோஸ்

நம்மூர்ப் புழுக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். காற்றின் ஈரம் கூலிங் காயிலில் பட்டு நீராகி, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நிழலில் நிறுத்தி 15 நிமிடம் ஏசியை ஓடவிட்டுக் கீழே பாருங்கள். புழுக்கமான நாளிலும் சொட்டவே இல்லையென்றால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஆறியதும் குழாயின் நுனியைப் பிசைந்துவிடுங்கள். மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக நுழையுங்கள். இரும்புக் கம்பி கூடவே கூடாது, காயில் ஓட்டையாகிவிடும். குழாய் எட்டவில்லையென்றால் பட்டறை லிஃப்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

3. வைப்பருக்குக் கீழே

பானெட்டைத் திறந்தால் கண்ணாடியின் அடியில் சல்லடை போன்ற பிளாஸ்டிக் ஜாலி தெரியும். மழைநீர் அதற்குள் இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள துவாரங்கள் வழியாக வெளியேறுகிறது. பல கார்களில் ஏசிக்கு வெளிக்காற்று போகும் வாயும் அங்கேதான். துவாரம் அடைத்தால் நீர் மட்டம் ஏறி அந்த வாய் வழியே உள்ளே வழிகிறது. சருகைக் கையால் அள்ளுங்கள், கீழே தள்ளிவிடாதீர்கள். பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் முன் சக்கரப் பக்கம் கடகடவென்று இறங்க வேண்டும்.

4. ஹோஸ் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கால்மிதி மேட்டை எடுத்து, கார்பெட் மீது உலர்ந்த செய்தித்தாளை விரியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே. மற்றவர் வெளியே, அழுத்தமில்லாத தோட்டக் குழாயோடு. கதவின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஓரிடத்துக்கு ஐந்து நிமிடம் என்று மேலே ஏறுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. பிரஷர் வாஷர் நல்ல ரப்பரையும் தாண்டி நீரைச் செலுத்திவிடும், அதைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும்: நூல் போல ஒரு பளபளப்பு வயர் கட்டின் மேல் ஊர்ந்து வரும். அதன் தொடக்கத்தைத் தேடிப் போங்கள்.

5. இடத்துக்கேற்ற வைத்தியம்

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி வழியே இறங்கி அடித் துவாரங்களில் வெளியேறும். கதவை ஆட்டினால் சலசலவென்று கேட்டால் துவாரங்களை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். ஸ்பீக்கர் மாற்றியவர்கள், கதவுப் பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டலாம்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் மீது காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் பீடிங்கை மாற்றுங்கள்.

சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் சிறிது நீர் ஊற்றுங்கள்; வண்டிக்கு அடியில் வர வேண்டும். வராவிட்டால் அதன் வடிகுழாயில் அடைப்பு. அதை எடுக்கக் கம்ப்ரஸர் காற்று அடித்தால் குழாய் இணைப்பு உள்ளேயே கழன்றுவிடலாம். டிக்கியில் ஸ்டெப்னிக் குழி நிறைந்திருந்தால் பின் விளக்கைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். முன் கண்ணாடி ஒட்டுதலைக் கண்ணாடிக் கடைக்காரரிடமே விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

6. உலர்த்துவது

கார்பெட்டின் மேற்பரப்பு காய்ந்தாலும் அடியிலுள்ள ஃபோம் நீரை விடாது. ஓரத்தைத் தூக்கி, துணி திணித்து, நனைய நனைய மாற்றுங்கள். கதவுகளைத் திறந்து வெயிலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் கழற்றாதீர்கள், அது ஏர்பேக்குக்கானது. எல்லாம் காய்ந்த பிறகு, கார்பெட்டைப் படுக்க வைக்கும் முன், அதே இடத்தில் இன்னொரு முறை ஹோஸைப் பிடியுங்கள்.