கிராம சபைக்கு முன் ஓர் இணைய வகுப்பு: காசு செலவில்லாமல் நடத்தும் முறை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஏதாவது ஒரு நாளுக்குப் பத்து நாள் முன்னால், ஊர்த் தன்னார்வலர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் இணையத்தில் வகுப்பு எடுக்கலாம். ஒரு ஜிமெயில் கணக்கும் இரண்டு போனும் போதும்.

1. ஒரே ஒரு தாளை எடுங்கள்

‘ஊராட்சி நிர்வாகம்: ஓர் அறிமுகம்’ என்று தலைப்பு வைத்தால் கால் மணி நேரத்தில் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். கிராம சபையில் வைக்கப்படும் வரவு செலவுக் கணக்கு, அதாவது படிவம் 30, முதல் வகுப்புக்குப் போதும். எல்லா ஊரிலும் உள்ள தாள் அது. பெரும்பாலோர் ஒருமுறைகூட வரி வரியாகப் படித்திருக்க மாட்டார்கள். சென்ற கூட்டத்தில் வைத்ததை ஊராட்சி செயலரிடம் கேட்டு வாங்குங்கள். பிளக்ஸில் ஒட்டியிருந்ததை யாராவது படம் எடுத்திருந்தால் அதுவும் ஆகும்.

2. நேரம்

மாலை ஆறிலிருந்து எட்டு வரை வேண்டாம். பால் கறவை, சமையல், சீரியல் எல்லாம் அப்போதுதான். காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிற்பகல் மூன்று மணி ஒத்துவரும். ஆண்களுக்கு இரவு எட்டரை. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு இழுக்கப் பார்ப்பதைவிட, அதே வகுப்பை இரண்டு முறை எடுப்பது நல்லது. இரவு வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு: அன்றைய ஒன்றரை ஜிபி அதற்குள் தீர்ந்திருக்கும். வீடியோவோடு ஒரு மணி நேரம் பேசினால் அரை ஜிபிக்கு மேல் போய்விடும். அதனால் பாடம் எடுப்பவர் தவிர மற்றவர்கள் கேமராவை அணைத்து வைக்கட்டும்.

3. இணைப்பை உருவாக்குதல்

இலவச கூகுள் மீட்டில் 100 பேர் வரை சேரலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். ஜூமில் இலவசமாகக் கிடைப்பது 40 நிமிடம். நமக்கு மீட் வசதி. கூகுள் காலண்டரில் நாளும் நேரமும் போட்டு ‘மீட்’ இணைப்பைச் சேர்த்து, அதை நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வகுப்பை 45 நிமிடத்துக்கே திட்டமிடுங்கள். முதல் பத்து நிமிடம் “குரல் கேக்குதா?” என்பதிலேயே போகும்.

உள்ளே வர அனுமதி கேட்பவர்களின் பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். அம்மாவின் போனில் மகன் பெயர் இருக்கும், அல்லது போன் கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஏதோ ஒரு பெயர். யார் எந்தப் பெயரில் வருவார் என்று முதல் நாளே குழுவில் கேட்டுக் குறித்து வையுங்கள். அனுமதி கொடுக்க மட்டும் ஒருவரை இரண்டாவது போனோடு உட்கார வையுங்கள். பாடம் நடத்துபவரே அதையும் பார்த்தால் ஐந்து பேர் வாசலிலேயே நிற்பார்கள்.

4. ஊருக்கு ஒரு இடம்

நாங்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஆளுக்கொரு போன் என்று விடாதீர்கள். ஊராட்சி அலுவலகம், நூலகம், மகளிர் குழுக் கட்டடம் என ஊருக்கு ஒரு இடத்தில் ஐந்தாறு பேர் கூடி ஒரே போனில் கேட்கட்டும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மூலையை முந்தின நாளே பார்த்து வையுங்கள். போனை வெறும் எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தினாலே சத்தம் கூடும். சிறு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே அறையில் இரண்டு போன் சேர்ந்தால் காது கிழிய ஊளையிடும். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் மற்றதன் மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதுதான் காரணம். மைக்கை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டாவது போன் கூட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும்.

5. தாளை முன்கூட்டியே அனுப்புங்கள்

திரைப் பகிர்வை நம்பாதீர்கள். ஆறு அங்குலத் திரையில் கணக்குப் பட்டியல் எறும்பு ஊர்வது போலத் தெரியும். முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்; புகைப்படமாக அல்ல, ‘டாகுமென்ட்’ ஆக. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். 3 எது, 8 எது என்று தெரியாது. இடத்துக்கு ஒரு ஜெராக்ஸும், ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கட்டும்.

6. வகுப்பு

முதலில் கணக்குகளைப் பிரித்துக் காட்டுங்கள். வீட்டு வரி வந்து சேரும் பொது நிதி வேறு; மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கட்டும் கணக்கு வேறு; திட்டப் பணம் வேறு. “அவ்ளோ பணம் இருக்கே, தெருவிளக்கு ஏன் போடல?” என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஒரு திட்டத்துக்கென வந்த பணத்தை விளக்குக்கு மாற்ற முடியாது.

பிறகு ஒரே ஒரு வரியை மட்டும் எடுங்கள். ‘தெருவிளக்கு பராமரிப்பு’ என்று இருந்தால், எத்தனை விளக்கு, எந்தத் தெரு, எந்த மாதம் என்று சிவப்புப் பேனாவால் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒருவர் தங்கள் கேள்வியை வாசிக்க வேண்டும். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், உறுப்பினரின் வீட்டுக்காரரே பேசிக்கொண்டிருப்பார். “அக்கா, நீங்க வாசிங்க” என்று உறுப்பினரைப் பெயர் சொல்லியே அழையுங்கள்.

குறைவெண், அதாவது கிராம சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

7. மறுநாள்

இலவச மீட்டில் பதிவு செய்யும் வசதி கிடையாது. மூன்று நிமிடக் குரல் பதிவில் வகுப்பைச் சொல்லிக் குழுவில் போடுங்கள். வராதவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு ஊரின் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, கிராம சபைக்கு இரண்டு நாள் முன்பே தலைவரிடமோ செயலரிடமோ கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் திடீரென்று கேட்டால் “ரெக்கார்டு ஆபீஸ்ல இருக்கு” என்ற பதில்தான் வரும்.