லிஃப்ட் செய்த ஜிப்ஸிக்கு ஷாக் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டிருக்கேன், எந்த ஷாக் சரியா இருக்கும்?" மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. லிஃப்ட் செய்ததில் வண்டி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஷாக் அப்சார்பரின் அளவை முடிவு செய்ய முடியாது. இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் மேலே எதுவரை ஏறுகிறது, கீழே எதுவரை இறங்குகிறது என்ற இரண்டு அளவும் தெரிய வேண்டும்.

லிஃப்ட் செய்ததும் நீளமான ஷாக்கை வாங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஷாக்கில் உள்ளே வெளியே போய்வரும் தண்டான ஷாஃப்ட் நீண்டால், அது உள்ளே போக டியூபும் அதே அளவு நீள வேண்டும். 8 இன்ச் ஸ்ட்ரோக் (ஷாஃப்ட் நகரும் தூரம்) உள்ள ஒரு ஷாக் அமுங்கினால் 14 இன்ச், விரிந்தால் 22 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அதே வகையில் 10 இன்ச் ஸ்ட்ரோக் எடுத்தால் விரிந்த நீளம் 26 ஆகும். அமுங்கிய நீளமும் 16 ஆகிவிடும், அதுதான் வம்பு. வண்டி உயர்ந்தாலும், ஆக்சில் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கிறது, ஆக்சிலும் பழைய உயரம் வரை ஏறும். பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டிய அடியை அதற்கு முன்பே ஷாக் வாங்கிக்கொள்ளும். உள்ளே வால்வு நொறுங்கலாம், ஷாஃப்ட் வளையலாம், மவுன்ட் பிராக்கெட்டே பிய்ந்து வரலாம். நீள ஷாக்தான் வேண்டும் என்றால் பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்பக் கீழே இறக்குங்கள்.

அளப்பதில் சோம்பல் வேண்டாம். ஜிப்ஸியில் நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்சில். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தொங்கும். அதனால் சமதளத்தில் நிற்கும்போது எடுக்கும் அளவு போதாது. ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும் வரை கொண்டுபோங்கள். அந்தப் பக்கம் மேல் மவுன்ட்டுக்கும் கீழ் மவுன்ட்டுக்கும் இடையே டேப் பிடியுங்கள். ஷாக்கின் அமுங்கிய நீளம் இதைவிட அரை இன்ச்சாவது குறைவாக இருக்கட்டும். தொங்கும் பக்கத்தையும் அளந்து, விரிந்த நீளம் அதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி பாருங்கள். குட்டையாக இருந்தால் ஆக்சிலின் பாரம் முழுக்க ஷாக்கில் தொங்கும். அதற்காக ஆக்சிலை அளவில்லாமல் தொங்கவிடவும் கூடாது. பிரேக் ஹோஸ் இழுபடும், லீஃபின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிள் மறுபக்கம் புரண்டு மாட்டிக்கொள்ளும். ஆக்சில் அதிகம் இறங்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டையான லிமிட் ஸ்ட்ராப் கட்டுவது நல்லது.

மவுன்ட்டை மாற்றி வெல்ட் செய்பவர்கள், நீள ஷாக்கை நுழைக்க அதை அதிகமாகச் சாய்த்துவிடுகிறார்கள். ஆக்சில் மேலும் கீழும் நேராகப் போகும்போது, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த ஷாக் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலைதான் செய்யும். 45 டிகிரியில் அது பாதியாகக் குறையும்.

தடிமன் விஷயத்திலும் ஆசை கொஞ்சம் அதிகம்தான். 2 இன்ச்சிலிருந்து 2.5 இன்ச்சுக்குப் போனால் ஆயில் அதிகம் பிடிக்கும், சூடு தாங்கும். கற்கள் நிறைந்த பாதையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டுபவருக்கு அது தேவை. மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு 2 இன்ச்சே போதும் என்பது என் கருத்து. தடித்த ஷாக் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரில் உரசுகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

இன்னொன்று: ஜிப்ஸியில் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் கருவி), இரும்பு பம்பர் எல்லாம் ஏற்றி முன்பக்கம் தாழ்ந்திருந்தால் முதலில் லீஃபைச் சரி செய்யுங்கள், அப்புறம் ஷாக்குக்கு அளவெடுங்கள்.

ஷாக் மாட்டியபின், ஷாஃப்ட் வெளியே தெரிகிற வகை என்றால், அதில் ஒரு கேபிள் டையை இறுக்கி டியூபை ஒட்டித் தள்ளி வையுங்கள். ஒருமுறை கரடுமுரடான பாதையில் போய் வந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஷாஃப்ட்டின் கடைசி வரை போயிருந்தால் பம்ப் ஸ்டாப்பை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.