வன்னிக் காட்டுக்கு மழை என்ன கொண்டு வருகிறது? நீங்களே அளந்து பார்க்கலாம்

ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழை வன்னிக் காட்டில் விழும்போது, வங்காள விரிகுடாவின் உப்பு, வயலுக்குப் போட்ட யூரியாவிலிருந்து எழுந்த அமோனியா, வாகனப் புகையில் பிறந்த நைத்திரேற்று, சேனைப் பயிருக்குக் காடு எரித்த சாம்பல் எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. பாலை, வீரை, முதிரை மரங்களுக்கு இதில் பாதி உணவு. அளவு மீறினால், அமோனியாவிலும் நைத்திரேற்றிலும் உள்ள நைதரசன் மண்ணை அமிலமாக்கிவிடும். எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் காட்டைப் பற்றிப் பேச முடியும். அதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை.

முதலில் இடம்

வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மிதிவெடி அகற்றி முடித்ததாக உறுதியாகத் தெரியாத காட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம். யானைப் பாதையையும் தவிர்த்து, ஊர் ஓரக் காடாகப் பாருங்கள்.

இரண்டு இடம் தேவை. ஒன்று வெட்டவெளி. பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கட்டும். மற்றது அதற்கு அருகில் உள்ள காட்டுக்குள். இந்தச் சோடிதான் முழு வேலைக்கும் உயிர். வெளியில் மட்டும் அளந்தால் மழை கொண்டுவந்தது தெரியும், இலைகள் காற்றிலிருந்து பிடித்து வைத்தது தெரியாது.

சேகரிப்பான் செய்தல்

20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் புனல், 5 லீற்றர் கான், புனலின் கழுத்துக்கு ஒரு துண்டு நைலோன் வலை. இலையும் பூச்சியும் உள்ளே போகாமல் வலை தடுக்கும். உலோகப் புனல் வேண்டாம். கானைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து நைதரசனைத் தின்றுவிடும். புனலின் வாய் நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், சரிமட்டமாக இருக்கும்படி வேலிக்கட்டையில் கட்டுங்கள்.

வெளியில் மூன்று போதும். காட்டுக்குள் குறைந்தது பத்து வேண்டும், ஏனென்றால் ஒரு கிளைக்குக் கீழே கொட்டும், இரண்டடி தள்ளிச் சொட்டும் விழாது. நல்ல இடமாகத் தேடி வைக்காதீர்கள். கயிறு பிடித்து, சம இடைவெளியில் எங்கே வருகிறதோ அங்கே வையுங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது. காய்ச்சி வடித்த நீரால் அலசினால் போதும். புனலின் உட்புறத்தை வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பும் கணக்கில் ஏறும்.

எடுத்தல்

கிழமைக்கு ஒருமுறை போங்கள். இந்தக் கான் ஏறத்தாழ 159 மில்லிமீற்றர் மழைக்குத்தான் தாங்கும், அடைமழை என்றால் முந்திப் போக வேண்டும். ஒவ்வொரு கானின் அளவையும் தனித்தனியே கொப்பியில் எழுதிய பிறகு, காட்டுக்குள் கிடைத்த தண்ணீர் முழுவதையும் ஒரு வாளியில் கலந்து ஒரு போத்தல் எடுங்கள். வெளித் தண்ணீருக்கும் அப்படியே. பறவை எச்சம் விழுந்த கானைக் கலக்காமல் ஊற்றிவிடுங்கள். கண்ணில் படாத எச்சமும் உண்டு: பொசுபேற்றும் அமோனியமும் சேர்ந்து திடீரென்று ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தை அன்றே பாருங்கள். மாசில்லாத மழையே 5.6 அளவில்தான் இருக்கும், அதனால் 7க்குக் கீழே வந்ததும் பயப்பட வேண்டாம். போத்தலைக் குளிரூட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கூடவே சுத்தமான புனல் வழியாக ஊற்றிய காய்ச்சி வடித்த நீரையும் ஒரு போத்தல் அனுப்புங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் அழுக்கு உங்கள் சாமான்களில் இருக்கிறது.

பனி பொழியும் ஐரோப்பியக் காடுகளில் புனல் அடைத்துக்கொள்ளும் என்பதால் அகன்ற வாளி வைத்து, பனியை உருகவிட்டு அளப்பார்கள். நமக்கு அந்த வேலை இல்லை.

கணக்கு

புனலின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். 1,570 மில்லிலீற்றர் கிடைத்தால் 314 ஆல் பிரித்து 5 சென்ரிமீற்றர், அதாவது 50 மில்லிமீற்றர் மழை. ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராம் நைதரசன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.3 ஐ 50 ஆல் பெருக்கி 100 ஆல் பிரித்தால் ஒரு ஹெக்டேயருக்கு 0.15 கிலோ.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுகூடம் நைத்திரேற்றாகத் தந்ததா, நைதரசனாகத் தந்ததா என்று கேளுங்கள். நைத்திரேற்று என்றால் 0.226 ஆலும், அமோனியம் என்றால் 0.776 ஆலும் பெருக்க வேண்டும். சல்பேற்றிலும் கடலின் பங்கைக் கழிக்க வேண்டும். சோடியத்தின் அளவில் கால்வாசி சல்பேற்று கடலிலிருந்து வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் இதைக் கழிக்காவிட்டால் கடலுப்பைத் தொழிற்சாலைப் புகை என்று எழுதிவிடுவோம்.

சோடியைப் படித்தல்

இலைகளிலேயே கொஞ்சம் ஆவியாகிவிடுவதால் மரத்தடியில் தண்ணீர் குறையும். பொற்றாசியம் பெரிதாகக் கூடும், அது பெரும்பாலும் இலையிலிருந்தே கசிவது, மாசு அல்ல. நைதரசனை இலைகள் உறிஞ்சுவதால் அது குறைந்தும் காட்டலாம், அதைவைத்துக் காற்று சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். நம்பக்கூடியது சோடியம். இலை அதை அவ்வளவாக எடுப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. ஹெக்டேயர் கணக்கில் வெளியில் 2 கிலோவும் மரத்தடியில் 3 கிலோவும் வந்தால், கூடுதலான அந்த ஒரு கிலோ இலைகள் காற்றிலிருந்து பிடித்தது. கோடை முழுவதும் படிந்த தூசியை முதல் மழை கழுவி இறக்கும், ஆகவே புரட்டாசி முடிவதற்குள் புனல்களை நட்டுவிடுங்கள்.