ஒரே யாமல் கோப்பு, மீதியை லிங்க்எம்எல் பார்த்துக்கொள்ளும்

தரவுத்தளத்துக்கு ஓர் அமைப்பு, ஏபிஐக்கு (நிரல்கள் தரவைப் பரிமாறும் வழி) ஒரு ஜேசன் ஸ்கீமா, அதாவது தரவின் வடிவ விதிகள், பைத்தானில் தனி கிளாஸ். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதி, ஒன்றில் மட்டும் மாற்றம் செய்ய மறந்துவிட்டு நானும் ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன். லிங்க்எம்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இதற்குத்தான். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவலாம்.

தரவு மாதிரியை, அதாவது என்னென்ன புலங்கள், என்ன வகை என்பதை, யாமல் என்ற எளிய உரை வடிவத்தில் ஒரு தடவை எழுதினால் போதும். எஸ்க்யூஎல் அட்டவணைகள், ஜேசன் ஸ்கீமா, பைத்தானில் தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் கிளாஸ், இணைப்புத் தரவைச் சரிபார்க்கும் ஷாக்கிள், கருத்துகளின் உறவை எழுதும் ஆவுல் எல்லாவற்றையும் உருவாக்கத் தனித்தனி 'ஜென்' கட்டளை இருக்கிறது.

பலர் விட்டுவிடுவது 'ஸ்லாட் யூஆர்ஐ' வரியை. ஸ்லாட் என்றால் மாதிரியில் உள்ள ஒரு புலம், அதன் பொருளைச் சொல்லும் இணைய முகவரிதான் இந்த வரி. ஒரு நூலகத்தின் பட்டியலில் 'தலைப்பு' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'நூற்பெயர்'. இரண்டு ஸ்லாட்டுக்கும், நூல் போன்றவற்றை விவரிக்கும் பொதுச் சொல் தொகுப்பான டப்ளின் கோரின் 'டைட்டில்' முகவரியையே கொடுத்துவிடுங்கள். தரவை ஆர்டிஎஃப் என்ற இணைப்புத் தரவு வடிவமாக மாற்றும்போது இரண்டும் ஒரே பண்பாக வந்து நிற்கும், ஒரே கேள்வியில் இரண்டு பட்டியலையும் தேடலாம். பெயரை மாற்றச் சொல்லி யாரிடமும் சண்டை போட வேண்டாம்.

அப்புறம், உருவாக்கிய கோப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த முறை கட்டளையை ஓட்டினால் உங்கள் திருத்தம் போய்விடும். யாமலில் வரிகளை உள்தள்ள டேப் கூடாது, இடைவெளிதான். மொழிக் குறியீடுகளை எழுதும்போது நார்வேஜியனுக்கான 'நோ'வை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் பைத்தானின் யாமல் நூலகம் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு 'ஃபால்ஸ்' (பொய்) என்று படித்துவிடும்!