செட்டிநாட்டுப் பேரூராட்சிக்குச் செயல் அலுவலராக வருகிறவர்களுக்கு

தேர்வெழுதித் தேறியோ பதவி உயர்வு பெற்றோ செயல் அலுவலர் ஆணையோடு எங்கள் பக்கம் வருகிறவர்களில் சிலர், நான் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்து, என்னைத் தேடி வருவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தலைவர் எப்படிப்பட்டவர், அம்மா?" அதற்கு நான் பதில் சொல்வதில்லை. உங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போகிறது என்று திருப்பிக் கேட்பேன். தெரியாது என்றால், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே மற்றதைப் பேசலாம் என்பேன். அப்படித் திரும்பி வந்தவர்களிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் நாற்காலி எது, அவர்கள் நாற்காலி எது

அமெரிக்காவில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறவருக்கு நகர மேலாளர் என்று பெயர். 1908-ல் வர்ஜீனியா மாநிலத்து ஸ்டான்டன் நகரம், ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தியது. 1913-ல் ஓஹாயோ மாநிலத்து டேட்டன் நகரத்தை வெள்ளம் புரட்டிப் போட்ட பிறகு அந்த ஊரும் இந்த முறைக்கு மாறியது. மற்ற நகரங்களும் அதைக் கவனிக்கத் தொடங்கின. அங்கே மன்றம் கொள்கை வகுக்கும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும். மேலாளர் ஆட்களை வைத்து வேலையை நடத்துவார். பிடிக்கவில்லை என்றால் மன்றமே அவரை அனுப்பிவிடும்.

இங்கே உங்களை மன்றம் அமர்த்தவில்லை, அனுப்பவும் முடியாது. அரசு அனுப்பியது, அரசுதான் மாற்றும். இந்தத் தைரியத்தில் மன்றத்தை மதிக்காத செயல் அலுவலர்களையும் பார்த்திருக்கிறேன், இதே காரணத்தால் மாறுதலுக்குப் பயந்து தலைவர் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவராலும் ஊருக்குப் பயனில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்பது மன்றத்தின் முடிவு. அந்தச் சாலை மதிப்பீட்டில் உள்ள கனத்துக்குப் போடப்பட்டதா என்பது உங்கள் பொறுப்பு. முதலாவதில் தலையிடாதீர்கள். இரண்டாவதில் யார் தலையிட்டாலும் இடம் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்லும் எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023-ம் ஆண்டு விதிகளும். பழைய எண்ணைப் போட்டு அனுப்பிய அறிவிப்பு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த வாதம்.

வாய்மொழி உத்தரவு

தலைவர் தொலைபேசியில் "அந்தத் தெருவில் இரண்டு விளக்குப் போட்டுவிடுங்கள்" என்பார். நியாயமான கோரிக்கையாகவே இருக்கும். மறுக்காதீர்கள். அன்று மாலையே கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள்: "தலைவர் இன்று தெரிவித்தபடி இடம் பார்வையிடப்பட்டது. மதிப்பீடு தயாரித்து அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்." அதன் நகலை அவருக்கும் அனுப்புங்கள். நல்ல தலைவர் இதைப் பார்த்து மகிழ்வார். மற்றவர் அடுத்த முறை யோசித்துக் கேட்பார்.

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதோடு எங்களுக்குக் கூடுதலாக வந்து சேர்ந்தவர்கள் தலைவரின் கணவர்கள். கோப்பை வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள், கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரப் பார்ப்பார்கள். சண்டை போடாதீர்கள். "அம்மா வந்ததும் அவர்களிடமே விளக்கிவிடுகிறேன்" என்று சொல்லி, தலைவருக்கு வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, வரவு செலவுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். ஒரு வருடம் இப்படிக் காட்டினால் அந்த அம்மாவே கணவரை வாசலில் உட்காரச் சொல்வதைப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் எனக்கு அதைவிட நிறைவு தந்தது அதிகமில்லை.

மன்றப் பொருள்நிரலையும் இதே கவனத்தோடு எழுதுங்கள். "மூன்றாவது வார்டில் சாலைப் பணி மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு" என்று எழுதினால் கூட்டம் சாலையைப் பற்றி நடக்காது, யார் வார்டு என்பதைப் பற்றித்தான் நடக்கும். எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து, அடியில் குடிநீர்க் குழாய் போகிறதா என்று அலுவலகக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். விவரம் கையில் இருந்தால் உறுப்பினர்கள் விவரத்தைப் பற்றிப் பேசுவார்கள். குழாயை மறந்து சிமெண்ட் சாலை போட்டு, பிறகு அதைக் கொத்துகிற அழகைப் பல ஊர்களில் காணலாம்.

சொத்துவரி

மற்ற மாவட்டத்தில் கற்றது இங்கே பாதிதான் உதவும். எங்கள் ஊர் வீடுகள் அப்படி. முகப்பில் நுழைந்தால் திறந்த முற்றத்தோடு கூடிய வளவு, அதைச் சுற்றிப் புள்ளிகளுக்கான (கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) அறைகள், பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு, கடைசியில் பின்வாசல். அந்தப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒருமுறை ஓர் ஆச்சி, ஒரே வீட்டுக்கு இரண்டு வரி கேட்கிறார்கள் என்று வெயிலில் வந்து நின்றார். வரித்தண்டலர் இல்லவே இல்லை என்றார். நான் அவரையும் அழைத்துக்கொண்டு முன்வாசலில் நுழைந்து, கட்டுகளை ஒவ்வொன்றாகக் கடந்து பின்வாசலில் இறங்கினேன். நிலைக்கு மேலே தகரத்தில் இன்னொரு வரிவிதிப்பு எண். முன்தெருப் பதிவேடும் பின்தெருப் பதிவேடும் தனித்தனியாக எழுதப்பட்டவை, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பொறுப்பேற்றதும் முதல் வேலையாக, இணைத்தெருக்களின் வரிப் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைப் போல் இன்னும் சில கிடைக்கும். எதிர்மாதிரியும் கிடைக்கும். பின்பகுதியைப் பிரித்து விற்றுவிட்டு, பழைய வரியிலேயே இருவர் குடியிருப்பார்கள்.

அடுத்தது பெயர். வரிவிதிப்பு இன்றும் பூட்டனார் பெயரில், பின்னால் "வகையறா" என்று இருக்கும். பங்காளிகள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். வீட்டில் இருப்பது காவலுக்கு இருக்கும் ஒரு குடும்பம். கேட்பு அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தால் அது அடுத்த மழையில் உரிந்துவிடும். பல வீடுகளில் பராமரிப்பும், முன்னோருக்குப் படையல் இடும் படைப்பும் பங்காளிகளிடையே ஆண்டு முறையில் சுற்றி வரும். இந்த ஆண்டு முறை யாருடையது என்று காவல்காரருக்குத் தெரியும். அந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஆண்டுதோறும் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அவர்கள் எல்லோரும் ஊரில் சேரும் நாள்கள் உண்டு: கோயில் திருவிழா, படைப்பு, கல்யாணம். நாட்டரசன்கோட்டையில் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன் செவ்வாய்ப் பொங்கல் வைக்க வெளியூரிலிருந்தெல்லாம் புள்ளிகள் வந்துவிடுவார்கள். வசூல் முகாமை அந்த வாரத்தில் வையுங்கள். முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதச் சலுகை ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருவதையும், தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் ஏறுவதையும் அங்கேயே சொல்லி, இணையத்தில் கட்டும் வழியையும் காட்டிவிடுங்கள். பிறகு அவர்கள் இருந்த இடத்திலிருந்தே கட்டுவார்கள். இவர்கள் வரி கொடுக்காதவர்கள் அல்ல, கேட்கும் ஆள் யார் என்று தெரியாதவர்கள்.

மூன்றாவது, வீட்டின் அளவு. 2022-ல் வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குள் இருந்த குடியிருப்புக்கு 25 சதவீதம், 1800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். எங்கள் வீடுகளில் முகப்பு மட்டுமே சில இடங்களில் 1800-ஐத் தாண்டும். ஆள் இல்லாத, ஓடு சரிந்த பெரிய வீட்டுக்கு வரி இரட்டிப்பானது. வானம் பார்த்த வளவு வாசலையும் கட்டடமாக அளந்துவிட்டார்கள் என்று மனுக்கள் வந்தன. இப்படி மனு வந்தால் நாடாவோடு நீங்களே போங்கள். வரைபடம் போட்டு, அளந்ததை எழுதி, உரிமையாளர் தரப்பிலும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மேலும் தகராறு என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள். உங்கள் அறையில் உட்கார்ந்து "பார்த்துக் குறைத்துத் தருகிறேன்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் மாலைக்குள் மூன்று தெரு சுற்றிவிடும்.

இந்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் பெயர்த்து விற்கப்படுவதைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் குறைவு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்ததாலும் அந்த நிலை மாறிவிடவில்லை. இடிப்பதற்கு மனு வரும்போது, இடிபாடுகளை ஊருணிக் கரையில் கொட்டாமல் எங்கே கொண்டுபோவார்கள் என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள்.

ஊருணி

காரைக்குடிக்குச் சம்பை ஊற்று வாய்த்தது. மற்ற ஊர்கள் ஊருணியை நம்பியே எழுந்தவை. கூரையில் விழுந்த மழையும் தெருவில் ஓடிய மழையும் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி இந்த ஊர்களை அமைத்தார்கள். இன்று காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதால் ஊருணியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் ஊட்டுவது அதுதான்.

தூர்வார நிதி கேட்டு எழுதுவது எளிது. இயந்திரம் வரும், படம் எடுக்கலாம், தலைவருக்கும் மகிழ்ச்சி. மழை பெய்த பிறகும் ஊருணி காய்ந்தே கிடக்கும், ஏனென்றால் அடைபட்டது வரத்துக்கால். ஆகஸ்டில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புலப்படத்தை எடுத்துக்கொண்டு நில அளவரோடு வரத்துக்காலை மேல்முனையிலிருந்து நடந்து பாருங்கள். ஓரிடத்தில் ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பியிருப்பார், இன்னோரிடத்தில் நம் பேரூராட்சியே சாலையை உயர்த்திப் போட்டுத் தண்ணீரைத் திருப்பியிருக்கும். நம் தவறை முதலில் சரிசெய்யுங்கள், குழாய்ப் பாலம் வையுங்கள். பிறகு சுவர்க்காரருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். வரிசை மாறினால் அவர் உங்கள் சாலையைப் படம் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போவார். முதல் கனமழை நாளில் குடையோடு அங்கே நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே தயங்குகிறது என்பது எந்த மதிப்பீட்டிலும் எழுதியிருக்காது.

குப்பையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, மேலிடமே நாள்தோறும் கேட்கும். எங்கள் பக்கத்துக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள்களில் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக் கல்யாணம் நடக்கும், எச்சில் இலை மலையாகக் குவியும். சமையல் ஒப்பந்தக்காரர்களின் பட்டியல் கையில் இருந்தால் எந்த நாள் எந்தத் தெரு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். தூய்மைப் பணியாளர்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்கினால் அதற்கான கூலியைக் கணக்கில் கொடுங்கள். வீட்டுக்காரர் கொடுக்கும் சாப்பாட்டைக் கூலியாகக் காட்டாதீர்கள்.

போகும்போது

மாறுதல் ஆணை எப்போது வேண்டுமானாலும் வரும். பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் பதிவேடுகளும் காசோலைப் புத்தகமும் மட்டும்தான் இருக்கும். தனித்தாளில் இவற்றையும் எழுதுங்கள்: எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, அதைத் திறக்கத் தெரிந்தவர் யார்; பதில் அனுப்பாத தகவல் உரிமை மனுக்களும் அவற்றின் முப்பது நாள் முடியும் தேதியும்; வழக்கில் உள்ள சுவர்கள்; ஒப்பந்தக்காரருக்குத் திருப்ப வேண்டிய வைப்புத்தொகை; முறைக்காரர் பட்டியல். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அடுத்தவரிடமும் மற்றொன்றைக் குடிநீர்த் தொட்டி இயக்குபவரிடமும் கொடுங்கள். அடுத்தவர் வந்து சேர மூன்று மாதம் ஆனாலும் தொட்டி இயக்குபவர் மறுநாள் விடியற்காலையிலும் வேலைக்கு வருவார்.